நாற்பத்தேழு மேகங்கள்

உறையைக் கவிழ்த்ததும் மேகங்கள் பொலபொலவென்று மேசைமேல் கொட்டின. எழுத்துக்காரி பதறிப்போய்க் கையை இழுத்துக்கொண்டாள். எல்லாமே அவள் கையால் வெட்டியவை, அவள் கையால் எழுதியவை, அவள் கையால் ஒட்டியவை. முப்பத்தோரு வருஷம் கழித்து ஒன்றுகூடப் பக்கத்தில் நிற்காமல் உதிர்ந்து கிடந்தன.

மேகம் என்றால் வானத்து மேகம் இல்லை. படக்கதையில் ஒருவர் வாய்விட்டுப் பேசினால், பேச்சை ஒரு முட்டை வட்டத்துக்குள் எழுதி, அதற்கு ஒரு வால் போட்டு, வாலின் நுனியைப் பேசுகிறவரின் வாய்க்குக் காட்டுவார்கள். அது குமிழி. வாய்விட்டுச் சொல்லாமல் மனசுக்குள் நினைத்தால், விளிம்பை நெளிநெளியாக வளைத்து, வாலுக்குப் பதில் தலையை நோக்கி மூன்று சின்ன வட்டங்களை இறக்கிவிடுவார்கள். அதுதான் மேகம். குமிழியைக் கதையில் இருப்பவர்கள் கேட்பார்கள். மேகத்தை வாசகர் மட்டும்தான் படிப்பார். இந்த ஒரு வித்தியாசத்தை எழுத்துக்காரி சரியாகப் புரிந்துகொள்ள இருபத்துமூன்று வருஷம் பிடித்தது.

படக்கதைகளுக்குக் கையால் எழுத்துப் போடுவதுதான் அவள் தொழில். பத்தொன்பது வயதில் பதிப்பகத்தில் சேர்ந்தபோது விழுந்த பெயர், ஐம்பதிலும் அதே பெயர். இப்போது கையெழுத்துக்கு வேலை குறைந்துவிட்டதால், பழைய மூலப் பக்கங்களை ஸ்கேன் செய்து, கறை நீக்கி, மறுபதிப்புக்குத் தயார் செய்துகொடுப்பதையும் வீட்டு முன்னறையில் வைத்துச் செய்தாள். அப்படித்தான் இந்த உறையும் வந்தது. உள்ளே 'விடாத தென்றல்'. தொண்ணூற்றாறு பக்கம். ஒரு காலத்தில் கல்லூரிப் பெண்கள் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படித்த காதல் படக்கதை. கெட்டி அட்டை போட்டு, பளபளப்புத் தாளில் மறுபடி வரப்போகிறது. வெளியீட்டு விழாவில் வரைந்தவருக்குப் பாராட்டும் உண்டு. வரைந்தவரை எல்லாரும் மாஸ்டர் என்பார்கள்.

மேகம் ஏன் உதிர்ந்தது என்பதற்கு மாயமந்திரம் எதுவும் இல்லை. ரப்பர் பசை. தடவின மாத்திரத்தில் பிடிக்கும், கோணலாக ஒட்டிவிட்டால் காய்வதற்குள் உரித்துத் திருப்பி ஒட்டலாம், படம் கெடாது. அதனால் அச்சகத்தில் எல்லாருக்கும் அதுதான் செல்லம். ஆனால் பத்துப் பதினைந்து வருஷம் போனால் மஞ்சளித்து, உலர்ந்து, பொடியாகிவிடும். ஒட்டிய தாள் விழுந்துவிடும், அது இருந்த இடத்தில் மேக வடிவத்தில் ஒரு மஞ்சள் கறை மட்டும் நிற்கும்.

கறைகளை எண்ணினாள். நாற்பத்தெட்டு. மேசைமேல் கிடந்த மேகங்களை எண்ணினாள். நாற்பத்தேழு. உறையை உதறினாள், மேசைக்கடியில் தேடினாள், கிடைக்கவில்லை. கடைசிப் பக்கத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தபோது காரணம் தெரிந்தது. மற்ற இடங்களில் கறை வழவழவென்று இருந்தது. இங்கே தாளின் மேல்தோல் உரிந்து நார்நாராக நின்றது. இது தானாக விழுந்ததில்லை. பசை உயிரோடு இருந்தபோதே யாரோ பிய்த்திருக்கிறார்கள். யார் என்று யோசித்துப் பார்த்தாள். பிடிபடவில்லை. பிறகு முதல் பக்கத்தைப் பார்த்தாள், அந்த யோசனையே மறந்துபோயிற்று.

மருந்துக் கடை. கல்லாவுக்குப் பின்னால் ஒரு பெண். எதிரே ஓர் இளைஞன் முழங்கையை ஊன்றிச் சாய்ந்து நிற்கிறான்.

"உங்க பேரு?" என்று அவன் குமிழி.

"மருந்து வாங்கியாச்சுல்ல, கிளம்புங்க" என்று அவள் குமிழி.

இந்த இடத்தில்தான் மேகம் இருந்தது. 'ஐயோ, போய்விடுவானோ!' என்ற மேகம். அது இருந்தவரைக்கும் அந்தப் பெண்ணின் ஏறிய புருவமும் இறுகிய உதடும் வெட்கமாகத் தெரிந்தன. மனிதக் கண்ணின் பழக்கம் அப்படி. கட்டத்துக்குள் எழுத்து இருந்தால் முதலில் எழுத்தைப் படிக்கும், அப்புறம்தான் முகத்துக்குப் போகும். எழுத்து என்ன சொன்னதோ அதையே முகத்திலும் பார்த்துத் தொலைக்கும். இப்போது எழுத்து இல்லை. முகம் மட்டும் இருந்தது. மாஸ்டர் கெட்டிக்காரர், கண்ணால் பார்த்ததைப் பிசகாமல் வரைகிறவர். அது பயந்த முகம்.

எழுத்துக்காரிக்கு நன்றாகத் தெரிந்த முகம்தான். அவளுடைய அக்காவின் முகம்.

அக்காவுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. மருந்துக் கடையில் கல்லாவில் வேலை. தங்கை வேலை பார்த்த பதிப்பகத்தில் படம் வரைந்துகொண்டிருந்த மாஸ்டர், ஒருநாள் தலைவலி மாத்திரை வாங்கப் போனார். மறுநாளும் தலைவலி. அதற்கும் மறுநாள். எட்டு மாதம் விடவில்லை. கடை வாசலில் நின்றார், பஸ்ஸில் ஏறினார், குடையைப் பிடுங்கினார். அக்கா சொன்னதெல்லாம் நறுக்கென்று நாலு வார்த்தை. பின்னால வராதீங்க. எனக்குப் பிடிக்கல. குடையைக் குடுங்க. வேண்டாம். அவற்றை மாஸ்டர் ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டார். அவ்வளவும் குமிழிகளாக மாறின. "ஒரு எழுத்து நான் கற்பனை பண்ணல, அவ சொன்னதை அப்படியே போட்டிருக்கேன்" என்று இன்றைக்கும் பேட்டிக்குப் பேட்டி சொல்கிறார்.

வரைந்து முடித்த பக்கங்களை அன்றைய முதலாளி புரட்டிப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னய்யா இது, பொண்ணு தொண்ணூத்தாறு பக்கமும் வேண்டாம் வேண்டாம்னே சொல்றா? படிக்கிறவன் பாதியிலயே மூடிட மாட்டானா?"

"வெளியதான் சார் அப்படிச் சொல்றா. உள்ளுக்குள்ள கொள்ளை ஆசை."

"அந்த உள்ளுக்குள்ள எங்கேய்யா? படத்துல காணோமே?"

அப்படிப் பிறந்தவைதான் மேகங்கள். படம் முடிந்த பிறகு வந்ததால் தனித் தாளில் எழுதி மேலே ஒட்ட வேண்டியதாயிற்று. மாஸ்டர் தாள்கட்டை எழுத்துக்காரியின் மேசையில் போட்டார். "உன் அக்கா தானே? அவ மனசுல என்ன ஓடும்னு உனக்குத் தெரியாதா? நீயே எழுதிடு" என்றார்.

அவள் எழுதினாள். யாரும் கையை முறுக்கவில்லை. சொல்லப்போனால் குஷியாகத்தான் எழுதினாள். படம் வரைகிற ஒருவர் அக்காவுக்காக வெயிலில் நிற்கிறார் என்றால் அக்கா அதிர்ஷ்டக்காரிதானே? அவள் அதுவரை எழுத்துப் போட்ட அத்தனை கதையிலும் பெண் முதலில் மாட்டேன் என்பாள், கடைசிப் பக்கத்தில் தோளில் சாய்வாள். மாட்டேன் என்பது ஏணியின் முதல் படி என்றுதான் நினைத்திருந்தாள். இரண்டே நாளில் நாற்பத்தெட்டு மேகம். அக்காவும் அவளும் ஒரே அறையில், ஒரே பாயில் படுக்கிறவர்கள். திரும்பிப் படுத்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

புத்தகம் வந்தது, ஊரே படித்தது. கடைக்கு வருகிறவர்கள் அக்காவைப் பார்த்து, தங்கள் தலைக்கு மேலே விரலால் மேகம் வரைந்து காட்டிச் சிரித்தார்கள். மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டே, "உள்ள என்ன நினைக்கிறீங்க?" என்றார்கள். மாஸ்டர் பழத்தட்டோடு பெண் கேட்டு வீட்டுக்கு வந்தபோது அப்பாவே, "இவ்வளவு பேர் சொல்றது பொய்யாவா இருக்கும்?" என்றார். அந்த வாரமே அக்கா ஒரே ஒரு பையை எடுத்துக்கொண்டு எங்கோ தூரத்து ஊர் மருந்துக் கிடங்கில் வேலைக்குப் போய்விட்டாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கையைத் திட்டவும் இல்லை. செருப்பு மாட்டும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்.

"உன் கையெழுத்து நல்லா இருக்கு."

வீட்டு மளிகைச் சீட்டு எழுதுகிற கை. அக்காவுக்கு அடையாளம் தெரியாமல் இருக்குமா? அதற்குப் பிறகு வருஷத்துக்கு இரண்டு தொலைபேசி, யாராவது செத்தால் ஒரு பயணம். வாசல்படியோடு சரி. தங்கை வீட்டுக்குள் வந்து அக்கா உட்கார்ந்ததே இல்லை.

இவ்வளவு நடந்தும் எழுத்துக்காரி அந்தப் புத்தகத்தை அலமாரியில் வைத்திருந்தாள், அவ்வப்போது எடுத்துப் படிக்கவும் செய்தாள் என்பதுதான் வெட்கக்கேடு. முப்பத்தொன்றாம் பக்கத்து மழைக் காட்சி அவளுக்கு உயிர். அவன் குடையோடு முன்னே நடக்கிறான், அவள் நனைந்தபடி பின்னே வருகிறாள், மேலே மேகம்: 'இந்த மழை நிற்கவே வேண்டாம்!' அந்த இடம் வந்தால் பக்கத்தைப் புரட்டாமல் அப்படியே உட்கார்ந்திருப்பாள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், பதினாலு வயதாக இருந்த அவள் மகள் அந்தப் புத்தகத்தை எடுத்துப் படித்தாள். முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பாதியில் சிரிப்பு நின்றது.

"அம்மா, இவ எந்தப் பக்கத்துல சரின்னு சொல்றா?"

"இதோ பாரு, இங்கயே நினைக்கிறாளே."

"நினைக்கிறா. நாம படிக்கிறோம். அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் மேகத்தைப் படிக்க முடியாதுல்ல? அவனைப் பொறுத்தவரைக்கும் அவ வேண்டாம்னுதான் சொல்லிட்டிருக்கா. அப்புறமும் பின்னாடியே வர்றான்னா, அவன் யாரு?"

கைக்கடிகாரத்தின் பின்மூடியைக் கழற்றிக் காட்டினாற்போல் இருந்தது. உள்ளே இத்தனை பல்சக்கரமும் சுற்றுவது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மேகம் காதலைக் காட்டவில்லை. படிக்கிறவன் அந்த ஆளை மன்னிப்பதற்காக மேலே ஒட்டிய தாள் அது. அதற்கப்புறம் மழைக் காட்சியைத் திறந்தால் அவள் கண்ணுக்கு ஒன்றுதான் தெரிந்தது. குடை யாருடையது? அக்காவுடையது. நனைகிறவள் அதைத் திருப்பி வாங்கத்தான் பின்னால் ஓடுகிறாள்.

இப்போது அதே பக்கம் மேகம் இல்லாமல் மேசைமேல் கிடந்தது. எழுத்துக்காரி ஓர் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து மேகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். படத்தில் ஒரு கோடு மாறாது. பேச்சில் ஒரு சொல் மாறாது. அவர் வரைந்தது, அவர் எழுதினது, எல்லாம் அப்படியே இருக்கும். நான் எழுதினதை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். இதைவிட நியாயமான பழி உலகத்தில் இருக்குமா என்று நினைத்தபோது அவளுக்கு நெஞ்சுக்குள் ஜில்லென்று இருந்தது. நல்ல சாப்பாட்டுக்கு முன்னால் வருகிற பசி மாதிரி.

ஆறு பக்கத்தைச் சுத்தம் செய்து பதிப்பகத்துக்கு அனுப்பினாள். மேகக் கறையை நீக்க நீக்க, அடியில் மறைந்திருந்த மரமும் மருந்து அலமாரியும் வெளியே வந்தன. ஒரு மணி நேரத்தில் பதிப்பாசிரியையிடமிருந்து அழைப்பு. வேலையில் சேர்ந்து இரண்டு வருஷமான பெண்.

"மேடம், மேகமெல்லாம் எங்கே?"

"உதிர்ந்துடுச்சும்மா. ஒட்டணுமா?"

அந்தப் பக்கம் மவுஸைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"மேடம், இது காதல் கதைதானே?"

"அப்படித்தான் இத்தனை வருஷமா வித்துச்சு."

"நான் மூணாம் பக்கத்துலயே மூடி வச்சுட்டேன். நாங்க 'இக்கதை அக்காலத்துப் பார்வையில் எழுதப்பட்டது'ன்னு முன்னாடி ஒரு வரி போடறதா இருந்தோம்."

"போட்டா?"

"போட்டா... போட்டாச்சுன்னு இருக்கும்." அவளே சிரித்துவிட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆனா மாஸ்டர் எழுதிக் குடுக்காம ஒரு புள்ளியைக் கூட மாத்த முடியாது மேடம். ஒப்பந்தத்துல இருக்கு."

"நானே போய் வாங்கிட்டு வர்றேன்."

மாஸ்டருக்கு அறுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்தது. மாடியில் வடக்குப் பார்த்த ஜன்னலுள்ள அறை, சாய்வு மேசை, சுவர் முழுக்க அவரே வரைந்த கண்கள். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. தன் பக்கத்தைச் சரிபார்க்கும்போது தலைகீழாகத் திருப்பி வைத்துத்தான் பார்ப்பார். நேராக வைத்தால் கண் கதைக்குள் போய்விடுமாம். தலைகீழாக வைத்தால் கறுப்பு எங்கே கனக்கிறது, வெள்ளை எங்கே காலியாக இருக்கிறது என்று எடை தெரியுமாம். அதில் தப்பே இல்லை. நல்ல ஓவியர்கள் பலர் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் அப்படிப் பார்க்கிறவர் எழுத்தைப் படிக்க மாட்டார். தலைகீழ் எழுத்து வெறும் எறும்புக் கூட்டம்.

"என்ன எழுத்துக்காரி, வயசாயிடுச்சு போலிருக்கே!" என்று பக்கங்களை வாங்கித் தலைகீழாக அடுக்கினார். "அடேங்கப்பா! இந்த வேப்பமரம்! இதை வரைய ஒரு வாரம் ஆச்சு தெரியுமா? உன் மேகம் வந்து மேல உட்கார்ந்து முழுசா முழுங்கிடுச்சு."

"பசை காஞ்சு உதிர்ந்துடுச்சு மாஸ்டர். அளவெடுத்துத் திருப்பி ஒட்டிடலாம்."

"ஒட்டாதே! அப்பவே முதலாளிகிட்ட தலையால அடிச்சுக்கிட்டேன், என் படத்தை மறைக்காதீங்கன்னு."

"நாப்பத்தெட்டையும் எடுத்துடலாமா?"

"அத்தனையும் எடு."

"கதை மாறிடாதா? ஒரு தடவை நேரா வச்சுப் படிச்சுப் பாருங்களேன்."

"என் கதையை நான் படிக்கணுமா? அவ சொன்னது, நான் சொன்னது, எல்லாம் மனப்பாடம்." விரலால் நெற்றியைத் தட்டிக்கொண்டார். "உன் அக்கா எப்படி இருக்கா? இன்னும் கோவமா? குடுத்துவச்சவ. அவ முகத்தை நான் சாகாம வச்சிருக்கேன்."

எழுத்துக்காரிக்குக் காது சூடாகிவிட்டது. எழுந்து வந்துவிடலாமா என்று இருந்தது. வரவில்லை. பையிலிருந்து ஒரு தாளையும் அவர் விரும்பும் ரகப் பேனாவையும் எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"உங்க கையால ரெண்டு வரி எழுதிக் குடுங்க மாஸ்டர். முன்னுரையா உங்க கையெழுத்தையே அச்சடிக்கலாம்னு அந்தப் பொண்ணு ஆசைப்படுது."

அவருக்கு வாயெல்லாம் பல். எழுதினார்: 'மேகங்கள் எதுவும் வேண்டாம். நான் வரைந்ததும், அவள் சொன்னதும் போதும்.' அடியில் வளைத்து வளைத்து ஒரு கையெழுத்து.

இறங்கி வரும்போது படிக்கட்டில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. மூன்று தடவை கேட்டாயிற்று. அதற்கு மேல் ஒருவரைக் காப்பாற்ற அவளுக்குக் கடமை இல்லை. புத்தகம் அச்சாகி வந்த அன்றே ஒரு பிரதியை அக்காவுக்கு அனுப்பினாள். கடிதம் வைக்கவில்லை. என்ன எழுதினாலும் அது இன்னொரு மேகமாகத்தான் இருக்கும்.

வெளியீடு நூலகக் கூடத்தில், மாலை நான்கு மணிக்கு. நிறையப் பேர் வந்திருந்தார்கள். பாதிப்பேர் அந்தக் காலத்து வாசகிகள், மகளையும் கூட்டி வந்திருந்தார்கள். பக்கங்களைத் திரையில் காட்டி, இரண்டு பேர் ஆளுக்கொரு குரலாகப் படிப்பது பதிப்பகத்தின் வழக்கம். பதிப்பாசிரியை பெண்ணின் குரல். ஆண் குரலை நான்தான் படிப்பேன் என்று மாஸ்டர் அடம்பிடித்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

"உங்க பேரு?" என்று குழைந்தார்.

"மருந்து வாங்கியாச்சுல்ல, கிளம்புங்க."

மாஸ்டர் நிறுத்தினார். பழைய நாளில் இந்த இடத்தில் மேகத்தைக் குசுகுசுவென்று படிப்பார்கள், கூடம் களுக்கென்று சிரிக்கும். அந்தச் சிரிப்புக்காக அவர் வாய் தானாகவே இடைவெளி விட்டது. இடைவெளியில் ஒன்றும் வரவில்லை. திரையில் அந்த முகம் மட்டும் ஆள் உயரத்துக்கு நின்றது.

அடுத்த பக்கம் பஸ். "பக்கத்துல உட்காரலாமா?" "வேண்டாம். இடம் நிறைய இருக்கு." இடைவெளி. அடுத்தது தெருமுனை. "ஏன் வேகமா போறீங்க?" "பின்னால வராதீங்க." இடைவெளி. மாஸ்டர் இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்தார். குரலில் குழைவு போய் அவசரம் ஏறிற்று. அவசரமாகப் படிக்கப் படிக்க அது இன்னும் துரத்துவதுபோல் கேட்டது. மழைக் காட்சியில் "குடையைக் குடுங்க, ப்ளீஸ்" என்று பதிப்பாசிரியை படித்தபோது முன்வரிசையில் ஒரு தாய், மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். எழுத்துக்காரி நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றியபடி ஒவ்வொரு இடைவெளியையும் உள்ளங்கையில் வாங்கிவைப்பதுபோல் வாங்கினாள்.

கடைசிக் கட்டம். பஸ் வாசலில் அவள், படியில் அவன் கால். "நான் உன்னை விடமாட்டேன்!" அவள் பக்கம் குமிழி எதுவும் இல்லை. மேகமும் இல்லை.

யாரும் கை தட்டவில்லை. சீருடையோடு வந்திருந்த ஒரு பஸ் கண்டக்டர் பெண் எழுந்தாள்.

"அப்புறம் அந்தப் பொண்ணு தப்பிச்சுட்டாளா சார்?"

"தப்பிக்கறதா? என்னம்மா நீங்க! ரெண்டு பேருக்கும் காதல்!"

"எந்தப் பக்கத்துல சார்?"

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகத்தான் கேட்டாள். கையில் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, சொன்னால் பார்த்துக்கொள்கிறேன் என்பதுபோல் நின்றாள். மாஸ்டரும் தன் பிரதியைத் திறந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் புத்தகத்தை நேராக வைத்துப் படித்தார். பத்தாம் பக்கம். இருபத்தாறு. முப்பத்தொன்று. திரும்பவும் பத்து. தாள் புரள்கிற சத்தம் ஒலிபெருக்கியில் சரசரவென்று கூடம் முழுக்கக் கேட்டது. தொண்ணூற்றாறு பக்கத்தில் ஒரு சரி கிடைத்தால் போதும். எழுத்துக்காரி அவசரப்படவில்லை. தேடட்டும். நன்றாகத் தேடட்டும்.

"மேகத்துல இருந்துச்சு!" என்று மாஸ்டர் கத்தினார். "எடுத்துட்டாங்க! அவ மனசு பூரா மேகத்துல இருந்துச்சு!"

"மேகம் வேண்டாம்னு நீங்கதானே சார் முன்னுரையில எழுதியிருக்கீங்க?" என்றாள் கண்டக்டர். "உங்க கையெழுத்துதானே இது?"

மாஸ்டர் விரலை நீட்டினார். "அதோ உட்கார்ந்திருக்காளே, அவதான்! மேகத்தை எழுதினவளே அவதான்! அவளையே கேளுங்க!"

எல்லாத் தலையும் திரும்பிற்று. இவ்வளவு தூரம் அவள் கணக்குப் போட்டிருக்கவில்லை. ஆனாலும் எழுந்தாள்.

"ஆமா, நான்தான் எழுதினேன். அவ என் அக்கா. ஒரு வார்த்தைகூட அவகிட்ட கேட்காம, அவ நினைச்ச மாதிரி எழுதினேன். நாப்பத்தெட்டும் பொய். அவர் எழுதின குமிழி இருக்கே, அது நிஜம். பேட்டியில அவரே சொல்லியிருக்கார், அவ சொன்னதை அப்படியே போட்டேன்னு. அதுதான் இப்ப உங்க கையில இருக்கு."

மாஸ்டர் மைக்கை மேசைமேல் வைத்தார். அவருக்கென்று வாங்கிவைத்திருந்த மாலை மேசையிலேயே இருந்தது. அவர் படி இறங்கிப் போகும்போது ஒரு வாசகி தன் பிரதியில் கையெழுத்து வாங்க நீட்டியிருந்த கையை மெல்ல மடக்கிக்கொண்டாள். எழுத்துக்காரிக்கு அந்தக் காட்சி மட்டும் பல நாள் இனித்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை அழைப்புமணி அடித்தது. கதவைத் திறந்தால் அக்கா. கையில் ஒரு பை. ஊரைவிட்டுப் போன அன்று எடுத்துப்போனது மாதிரியே சின்னப் பை.

"உள்ள வரலாமா? இல்ல, நான் என்ன நினைக்கிறேன்னு நீயே எழுதிப் பாத்துக்கறியா?"

எழுத்துக்காரி கதவை முழுக்கத் திறந்து வழிவிட்டாள். அக்கா உள்ளே வந்து, ஸ்கேனர் மேசைக்கு முன்னால் இருந்த நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். பைக்குள் கைவிட்டுப் பழைய மருந்து உறை ஒன்றை எடுத்தாள். அதிலிருந்து, ஓரம் மஞ்சளித்த ஒரு மேகத்தை மேசைமேல் வைத்தாள். 'இவர் என்னை விடமாட்டார். அதுதானே எனக்கும் வேண்டும்!' அடியில் கடைசிப் பக்கத்தின் தோல் நார்நாராக ஒட்டியிருந்தது.

"நீதானா!" என்றாள் எழுத்துக்காரி.

"கிளம்பின அன்னிக்கு உங்க பதிப்பகத்துக்குப் போனேன். அந்தாளு கன்னத்துல ஒண்ணு வைக்கலாம்னு. ஆள் இல்ல. மேசையில இது கிடந்துச்சு. கன்னம் கிடைக்கலையேன்னு இதைப் பிச்சு எடுத்துட்டேன்."

"முப்பத்தோரு வருஷமா வச்சிருக்கியா?"

"உன்மேல இருக்கற கோவம் குறையற மாதிரி இருந்தா எடுத்துப் படிப்பேன். சரியாயிடும்."

எழுத்துக்காரி கையை நீட்டினாள். அக்கா அந்த மேகத்தைச் சட்டென்று எடுத்து உறைக்குள் போட்டாள்.

"கையை எடு குட்டி. குடுக்கறதுக்கு வரல. காட்டத்தான் வந்தேன்."

"அவருக்கு நல்லாக் குடுத்தேன் அக்கா. நீ பாத்திருக்கணும்."

"கேள்விப்பட்டேன். அவனுக்கு ஆச்சு. உனக்கு?"

எழுத்துக்காரி ஸ்கேனர் மூடியைத் திறந்து மூடினாள்.

"மிச்சம் நாப்பத்தேழு எங்கே?"

அட்டைப் பெட்டி வந்தது. அக்கா அதைத் தங்கையின் பக்கம் தள்ளினாள். "படி. சத்தமா. ஒவ்வொண்ணா."

"அக்கா..."

"நீ எழுதினதுதானே? படி."

எழுத்துக்காரி முதல் மேகத்தை எடுத்தாள். பத்தொன்பது வயதில் போட்ட எழுத்து, அழகாகத்தான் இருந்தது. அவள் குரல் அவளுக்கே கேவலமாகக் கேட்டது.

"'ஐயோ, போய்விடுவானோ!'"

"அப்ப நான் என்ன நினைச்சேன் தெரியுமா?" என்றாள் அக்கா. "கல்லாவுக்குக் கீழ கத்தரிக்கோல் எந்தப் பக்கம் இருக்குன்னு நினைச்சேன். எழுதிக்கோ."

எழுத்துக்காரி பேனாவை எடுத்தாள். மேகத்தைத் திருப்பிப்போட்டு அதன் முதுகில் எழுதினாள். கோடு கோணிற்று. அக்கா எட்டிப் பார்த்தாள்.

"கையெழுத்து மோசமாயிடுச்சு" என்றாள். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். "அடுத்தது."